மஞ்சள் மழைக்கோட்டுக்காரியின் சம்மதக் கடிதம்

எங்கள் கீலுங் துறைமுக நகரில் எந்தக் காரியமும் உரியவரின் சம்மதம் இல்லாமல் நடக்காது. மேன்மை பொருந்திய இந்த விதியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உரியவர் யார் என்பதில்தான் கொஞ்சம் தகராறு.

பழைய சுரங்கப்பாதை வாசலில் பதினெட்டு வருஷமாக மீன் உருண்டை சூப் விற்கிறேன். சுரங்கத்தையும் என் கடையையும் மாதக் கடைசியில் இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். இடிக்காதீர்கள் என்று ஒன்பது மனு கொடுத்தேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒன்பது பதில் வந்தது. ஒரு எழுத்துப்பிழை கிடையாது, நல்ல காகிதம்.

அந்தச் சுரங்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பெண் பேய் ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும். மழை பெய்யாத நாளிலும் சொட்டச் சொட்ட நனைந்து நிற்பாளாம், போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாளாம். என் கண்ணில் பட்டதில்லை. பட்டிருந்தால் பாவம், ஒரு கிண்ணம் சூடாகக் கொடுத்திருப்பேன். அவளை வைத்துத் திகில் படம் எடுக்கத்தான் பெய்ச்சென் என்ற பெண் வந்தாள். அவளுக்கு முதல் படம். இடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அனுமதி கேட்கப் போனபோது அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நகராட்சி அலுவலகத்தில் பிரிவு அதிகாரி லியென் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"'உள்ளூர்ப் பேயின் கதை'ன்னு போட்டிருக்கீங்க. இது உண்மையா, பொய்யா?"

"சும்மா கதைதான் சார்," என்றாள் பெய்ச்சென்.

"பொய்னா அது வதந்தி. அனுமதி கிடையாது."

"அப்ப உண்மை சார்."

"உண்மைன்னா அந்தம்மாவோட சம்மதக் கடிதம் எங்கே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவ எப்படி சார் முத்திரை குத்துவா?" என்றேன்.

"ஏன் அக்கா, நீங்க கோயிலுக்கே போறதில்லையா? பூமிச்சாமிகிட்ட பிறைக்கட்டை போட்டுக் கேளுங்க. வரிசையா மூணு தடவை 'சரி' விழணும். போட்டோ எடுத்து மூணு பிரதி இணைச்சுடுங்க."

பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டு, ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற விழுந்தால் சாமி 'சரி' என்கிறார். இரண்டும் மல்லாக்க விழுந்தால் சிரிக்கிறார். அன்று சாமி சிரிக்கவில்லை. மூன்றும் 'சரி'.

மறுநாள் லியென் பிரதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் முகவரியில் நின்றுவிட்டார்.

"அந்தம்மா சுரங்கத்துலயேவா குடியிருக்காங்க? எத்தனை வருஷமா?"

"ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துலேருந்து," என்றேன்.

"ஐயையோ, ஆள் குடியிருக்கிற கட்டடத்தை எப்படி இடிக்கிறது?"

மூன்றே நாளில் இடிப்பு உத்தரவு ரத்தானது. படமும் எடுத்தார்கள். பேய் ஒரு காட்சியிலாவது நம் துறைமுகத்தைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும் என்று சுற்றுலாப் பிரிவு நிபந்தனை போட்டது. செய்தாள். தியேட்டரில் சனம் அலறியது அந்த ஒரு இடத்தில்தான்.

ஆனால் எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பவரின் வாசலை என் கடை மறைக்கிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். நேரே லியெனிடம் போனேன்.

"நானும் பதினெட்டு வருஷமா அங்கதான் சார் இருக்கேன். உயிரோட இருக்கேன்."

"அதுதான் அக்கா சிக்கல். உயிரோட இருக்கிறவங்களுக்கு மனுதான் வழி. உங்க மனு பரிசீலனையில இருக்கு."

"அவளுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கட்டை போட்டுக் காட்டட்டுமா?"

"அது அவங்க பெருந்தன்மை. உங்களுக்கு என்ன தகுதின்னு நீங்க காட்டணும்."

வயிற்றெரிச்சலோடு கோயிலுக்கு நடந்தேன். "சாமி, நான் செத்துட்டேனா?" என்று கேட்டுக் கட்டையைப் போட்டேன். சாமி சிரித்தார். இன்னொரு தரம் போட்டேன், அப்போதும் சிரித்தார். கேள்வியை மாற்றினேன்.

"இந்த ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவதானே?"

சரி. சரி. சரி.

போட்டோவை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். லியென் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். கடை நிற்கிறது. பதிவேட்டில் நான் காலமாகிவிட்டேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் மத்தியானம் லியென் கடைக்கு வந்தார். ஒரு கிண்ணம் வாங்கினார், குடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ரோடு அகலப்படுத்துறதுல என் வீடும் போகுது. ஆறு மனு கொடுத்துட்டேன். சாமிகிட்ட நீங்க சரியா என்ன வார்த்தை கேட்டீங்க?"

ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

"ஆனா காலையிலேயே போயிடுங்க சார். உங்க ஆபீஸ் மொத்தமும் அங்கதான் வரிசையில நிக்குது."