மாப்பிள்ளை காரை இடித்தது பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மண்ணூர்பேட்டை,
புதன்கிழமை.

பூந்தமல்லியில் இருக்கும் உயர்திரு சம்பந்தி வேம்புலி அவர்களுக்கு,

துலுக்கானம் கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பிரசன்னாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி கன்னியம்மா சுகம், மகள் ஜோதிகா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் காரை வலது கதவில் மோதி, சுவரோடு சேர்த்து இருநூறு மீட்டர் தேய்த்துக்கொண்டு போனது நான்தான்.

சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் பதற வேண்டாம் என்று சொல்லுங்கள். இது கம்ப்யூட்டரில் ஓடும் கார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அடி இல்லாவிட்டாலும் அவமானம் அவமானம்தானே! ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை தங்களுக்குப் போன் போட்டேன், மூன்று முறையும் முழுசாக மணி அடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு டிக்கும் நீலமானது, பதில் இல்லை. அச்சகத்து நாகேந்திரன் காலையும் மாலையும் கூப்பிட்டு, "இன்னா நைனா, சம்பந்தி ஊட்ல ஓகே சொன்னாங்களா இல்லியா, மிஷினைக் காயப்போட்டுகினு கீறேன்" என்கிறான். போதாததற்கு, தினமும் மொட்டை மாடியில் நடந்துகொண்டே மாப்பிள்ளையோடு போன் பேசும் ஜோதிகாவின் குரல் நான்கு நாளாகக் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்? கன்னியம்மாவிடம் சொன்னால், "பத்திரிகைல யார் பேராச்சும் உட்டுப் போயிருக்கும்யா, நீ ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே" என்கிறாள். அவளுக்கு என்ன, அவள் யாரையும் இடிக்கவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று தங்களுக்குத் தெரியாதிருக்கலாம். நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம் மாப்பிள்ளை தன்னுடைய பழைய ஸ்டியரிங்கையும் பெடலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். "மாமா, ரிட்டயர் ஆயி ஊட்ல சும்மாதானே கீறீங்க, சனிக்கிழமை ஏழு மணிக்கு நம்ம ரேஸுக்கு வாங்க" என்றார். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதை மறுக்க முடியுமா? கன்னியம்மாவின் தையல் மெஷின் பலகையில் ஸ்டியரிங்கை முடுக்கினோம், கீழே பெடலை வைத்தோம். அவசரத்தில் நான் பிரேக் என்று தையல் மெஷினை மிதித்து, ஊசி பாட்டுக்குக் காற்றில் தைத்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. பந்தயத்தில் இருபத்து நான்கு கார்கள். ஸ்டாக் கார் என்று பெயர், பார்க்கக் கடையில் விற்கிற கார் மாதிரி இருக்கும், உள்ளே இரும்பும் எஞ்சினும்தான், ஒரு வட்டப் பாதையைச் சுற்றிச் சுற்றி வரும். இந்தப் பந்தயத்தில் இடிப்பது குற்றமில்லை. இடிபட்டுச் சுழன்றால் அது உன் பாடு.

முதல் மூன்று வாரம் நான் சுழன்ற சுழற்சி கொஞ்சநஞ்சமல்ல. பின்பக்க மூலையில் எவனாவது லேசாகத் தட்டினால் போதும், கார் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பாதிக் காரணம் மாப்பிள்ளைதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுக்க வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! அவர் கார் பின்னால் வருவது தெரிந்தால் நான் ஓரம் கட்டி வழி விடுவேன். ஓரம் கட்டிய இடத்தில் வேறு எவனாவது வந்து சாத்துவான். "மாமா, ரேஸ்ல வழி விடக் கூடாது மாமா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று மாப்பிள்ளை மைக்கில் கெஞ்சினார். "இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க முன்னாடி போங்க" என்று நான் மறுபடி ஒதுங்கினேன், மறுபடி சுழன்றேன். பெண் கொடுக்கிற வீட்டுக்காரன் வாரா வாரம் இருபது பேர் பார்க்க இப்படிக் குட்டிக்கரணம் போட்டால் நாளைக்கு மாப்பிள்ளைக்குத்தானே தலைகுனிவு என்று தோன்றியது. காரைத் திருத்துவது என்று முடிவு செய்தேன்.

நான் ஆவடியில் முப்பத்து நான்கு வருடம் ராணுவ டாங்கி செய்கிற இடத்தில் சஸ்பென்ஷன் பரிசோதனையில் இருந்தவன் என்று தங்களுக்குத் தெரியும். எங்கள் முறை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்கு ஒரு சீட்டு, சீட்டில் இரண்டு கையெழுத்து, பிறகு ஓட்டிப் பார்ப்பது. வீட்டில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லாததால் கன்னியம்மாவை மேற்பார்வையாளராக நியமித்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு இன்னாத்த திருவினே?" என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவாள். முதல் சீட்டில் காரின் உடம்பைத் தரையோடு தாழ்த்தினேன். இரண்டாவதில் பின்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், இடி வாங்கினால் அதை உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று. மூன்றாவதில் பின்சக்கரம் இரண்டையும் ஒரு நூல் அளவு உள்பக்கம் பார்க்க வைத்தேன், அப்போதுதான் வால் ஆடாது. இதையெல்லாம் சோதிக்க என்னை இடிக்க ஒரு ஆள் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோதிகா தன் லேப்டாப்பில் உட்கார்ந்து, "ரெடியாப்பா? இடிக்கட்டா?" என்று கேட்டுக் கேட்டு என்னை இடித்தாள். பெற்ற மகள் இவ்வளவு சந்தோஷமாக இடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பத்து இடிக்கு ஒன்பது இடி கார் நேராகப் போனால் தேர்ச்சி என்று வைத்திருந்தேன். ஆறாவது சீட்டில் தேறியது.

அதன் பிறகு என் காரை அசைக்க ஆளில்லை, சம்பந்தி. இடித்தவன் பறந்தான், நான் என் பாட்டுக்கு நேராகப் போனேன். மைக்கில் எவனோ "யார்ரா அது, ஆவடி டேங்க்கா?" என்று கேட்டபோது மாப்பிள்ளை, "அது எங்க மாமா" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பேச்சில் எனக்குத் தலை கனத்துவிட்டது, மறைப்பானேன்! போன சனிக்கிழமை கன்னியம்மா தங்கை வீட்டுக்குக் கொரட்டூர் போயிருந்தாள். கையெழுத்துக்கு ஆளில்லை. காத்திருந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சீட்டே எழுதாமல், ஒரே தடவையில் இரண்டு மாற்றம் செய்தேன். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் பிணைக்கிற கம்பியை இறுக்கினேன், பிரேக்கின் விசையை முழுக்க முன்சக்கரத்துக்கே தள்ளினேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு. வேலையில் இருந்திருந்தால் என்னை நானே சஸ்பெண்ட் செய்திருப்பேன்.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை ஓட்டியதும் சரியில்லை. தங்களிடம் சொல்வதற்கென்ன, பிள்ளைக்கு வண்டி ஓட்டவே மறந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். எப்போதும் காற்றாகப் பறப்பவர் அன்றைக்கு இடது ஓரத்தை விட்டு நகரவில்லை. வளைவுக்கு ஐம்பது அடி முன்னாலேயே பிரேக், வளைவு முடிந்ததும் ஆள் ஏறி உட்காரட்டும் என்பதுபோல மெதுவாக ஒரு கிளம்பல். எல்லோரும் முந்திப் போய்விட்டார்கள். கடைசிக்கு முந்தின இடத்தில் அவர், கடைசியில் நான். பதினோரு சுற்று பின்னாலேயே போனேன், முந்தவில்லை, மாப்பிள்ளையை முந்துவேனா? தாங்கள் முப்பத்தோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவர், வீட்டில் உட்கார வைத்து இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாதா? மைக்கிலும் பேச்சே இல்லை, அவ்வப்போது இருமல் மட்டும் கேட்டது. சளி பிடித்திருந்தால் ஆடாதோடைக் கஷாயம் கொடுங்கள், இரண்டு நாளில் கேட்கும்.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. மாப்பிள்ளை திடீரென்று பிரேக் அடித்து நடுப்பாதையில் அப்படியே நின்றார். நான் பிரேக்கை மிதித்தேன், தையல் மெஷினையும் சேர்த்தே மிதித்தேன், ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தேன். கார் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? யார் இடித்தாலும் நேராகப் போக வேண்டும் என்று அதற்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தவன் நானே. முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, நேராக மாப்பிள்ளையின் கதவில் போய் விழுந்து, அவரைக் குறுக்காகத் திருப்பி, சுவரோடு தள்ளிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டியது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டுகிறேன், குறுக்காகப் போனாலும் மாப்பிள்ளைதான் எனக்கு முன்னால் கோட்டைத் தாண்டினார். மரியாதை அந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது.

இடித்ததுகூடப் பரவாயில்லை, அந்த நேரத்தில் என் மைக் திறந்திருந்தது. ஆத்திரத்தில் வாயிலிருந்து வந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன், மறைத்தால் பாவம். "இன்னாடா, ஊட்ல சொல்லிகினு வந்துட்டியா? நவுருடா சாவுகிராக்கி!" என்று சொன்னேன். மற்ற இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். அப்போதுதான் கொரட்டூரிலிருந்து வந்து வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவும் கேட்டாள். தையில் தாலி கட்டப் போகிற பிள்ளையை 'டா' போட்டதோடு நிற்காமல் அந்த வார்த்தையையும் சொன்னேனே, என் நாக்கில் சூடு வைக்க வேண்டாமா? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல், அதன் பிறகு இணைப்பே அறுந்துவிட்டது.

சம்பந்தி, எனக்கு ஒரே பெண். அவள் இதில் ஒரு குற்றமும் செய்யவில்லை, என்னை இடித்ததைத் தவிர. பிரசன்னா இந்த வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்த பிறகுதான் அவள் வேலை முடிந்து வரும்போது படியேறிக்கொண்டே பாடுகிறாள். அந்தப் பாட்டு நின்றுவிடுமோ என்று நான்கு நாளாகச் சாயங்காலமானால் படிக்கட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் என்னைக் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார வையுங்கள், உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை தட்டில் பழம் பூ வைத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பித் தந்துவிடுகிறேன். காரையும் அது முதல் நாள் இருந்தபடியே தளர்த்தி வைத்துவிட்டேன், இனி ஊதினால் சுழலும். இனிமேல் அந்தப் பந்தயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், இது சத்தியம். பத்திரிகைக்கு மட்டும் ஒரு 'சரி' சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்குக் கன்னியம்மா நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், நான் சொன்ன அந்த வார்த்தையை அம்மன் தன் காதில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் சேரட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து,
ம. துலுக்கானம்

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை ஜோதிகாவிடம் கொடுத்தேன். படித்தவள் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு உதயகுமார் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது: "அய்யோ அப்பா, பிரசன்னா வெள்ளிக்கிழமையே ட்ரெய்னிங்குக்கு ஹைதராபாத் போயாச்சு. நாள் பூரா கிளாஸ், அதான் போன் கெடையாது, மெசேஜ்லயே பேசிகினு கீறோம். சனிக்கிழமை அவர் பேர்ல உக்காந்து ஓட்டினது அவங்கப்பா. பையன் ஊர்ல இல்லாதப்ப ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கலாம்னு ஆசையாம். இப்ப உன் மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு போனைப் பாத்தாலே பயந்துகினு கீறாராம். பத்திரிகை சூப்பரா கீதுன்னு பிரசன்னாகிட்ட ரெண்டு நாளா சொல்லிகினே கீறாராம்."

சம்பந்தி, இரண்டாம் முறை எழுத எனக்குக் கையில் தெம்பில்லை. ஆகவே மேலே மாப்பிள்ளை என்று வருகிற இடத்திலெல்லாம் தங்கள் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளவும். கஷாயம் தங்களுக்கே. 'டா' போட்டதற்கு மட்டும் மன்னிப்பு நிற்கிறது, தாங்கள் என்னைவிட ஏழு மாதம் மூத்தவர். மற்றபடி இடித்ததற்குக் கேட்ட மன்னிப்பு, செய்த சத்தியம் எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். மாப்பிள்ளைக்கு வழி விடுவது முறை. சம்பந்திக்குச் சம்பந்தி அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. இதை ஜோதிகா இன்றைக்கே படம் பிடித்துத் தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள், நாளைக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவேன், தயவுசெய்து போனை எடுங்கள், பத்திரிகையை நாகேந்திரனிடம் ஓட்டச் சொல்லிவிடுவோம். சனிக்கிழமை ஏழு மணிக்கு மகன் பெயரில் வேண்டாம், சொந்தப் பெயரிலேயே வாருங்கள். எந்த நிறக் கார் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அத்தனை காரில் தங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.