பினு விரலுக்குள் வைத்த காலிக் குழாய்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து

கர்த்தருக்குள் பிரியமான தங்கை சுசீலாபாய்க்கு, அண்ணன் ஞானசிகாமணி எழுதுவது. இந்தக் கடிதம் கிட்டும்போது நீயும் உன் ஆடுகளும் உன் கால்முட்டும் கிருபையால் சுகமாயிருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். போன் பண்ணினால் "அண்ணன் கதை விடுகான்" என்று வச்சிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கேட்டியா. எழுத்து அங்கங்கே கோணியிருக்கும். பேனா சரியில்லை. எட்டாங்கிளாசில் கையெழுத்துக்கு சோப்புப்பெட்டி பரிசு வாங்கினவன் நான் என்பது உனக்கே ஓர்மையிருக்கும்.

காரியத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கார் பிடித்து வந்து, உன் மகன் பினுவைக் கருங்கல் ஊரிலுள்ள வர்ம ஆசானிடம் கொண்டுபோய், எண்ணெய் போட்டு விரலை உழிந்து சரியாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அது நடக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், கட்டன்காப்பி போட்டு வச்சுக்கொண்டு வாசி.

விழிஞ்ஞத்தில் கப்பல் போர்ட் வேலைக்காரர்கள் தங்க நாலு மாடி கட்டுகிறார்கள். வயரிங் முழுக்க என் தலையில்தான், முதலாளி என்னிடம் கேட்காமல் ஒரு செங்கல் வைக்கமாட்டார். நாலு மாசம் முன்னே, பினு பைப் பதிக்கச் சுவர் வெட்டும்போது கட்டர் மெஷின் துள்ளிச் சாடி, அவன் வலதுகை ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாய் அறுத்துவிட்டது. நான் புலி மாதிரிப் பாய்ந்து, அவனைத் தோளில் தூக்கிப் போட்டு, ஒற்றைக் கையால் ஆட்டோவை மறித்து, பத்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி சேர்த்தேன். அங்கே ஷாலு டாக்டர், சின்னப் பிள்ளை, ஆனால் சமர்த்தி. விரலுக்குப் போகிற நரம்பு அறுந்துபோச்சு, நடுவிலே ஒன்றரை சென்டிமீட்டர் இல்லை, இழுத்துத் தைத்தால் நிற்காது, குழாய் வைத்துத்தான் இணைக்கணும் என்று சொன்னது. குழாயா! முப்பது வருஷமாகக் குழாய்க்குள் வயர் இழுக்கிறவன் முன்னாலயா இந்தப் பேச்சு! என் பையிலிருந்து முக்கால் இஞ்சு பைப் துண்டு ஒன்றை எடுத்து, "நல்ல சாதனமாக்கும், வச்சுக்கிடுங்க" என்று நீட்டினேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறொன்றைக் காட்டினது. தடித்த சேமியாத் துண்டு மாதிரி இருந்தது.

"இதுக்குள்ள வயர் எங்க டாக்டரே?"

"வயர் இல்லா அங்கிளே. காலிக் குழாயாணு."

"காலியா?"

"அதே. நரம்பு தன்னாலே வளர்ந்து குழாய்க்குள்ளே கூடி அந்தப் பக்கம் போகும். பின்னே குழாய் தானே கரைஞ்சு போகும்."

நீயே சொல்லு சுசீலா. நான் பதித்த வயரில் ஒன்றாவது தானாக ஒரு நூல் நகர்ந்ததுண்டா? ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றேன். ஆபரேஷன் முழுக்கக் கண்ணாடி வழியே பார்த்து, ரெண்டு இடத்தில் சைகை காட்டித் திருத்தினேன்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். வெட்டுமுன் கோடு போடுவதுதான் நம்ம தொழில் முறை. தையல் பிரித்த அன்றைக்கே, அழியாத மார்க்கரால் பினு விரலில் நுனி வரைக்கும் கோடு கோடாய்ப் போட்டு, நரம்பு இன்ன தேதிக்கு இன்ன கோட்டில் வந்து சேரணும் என்று தேதியும் எழுதிவிட்டேன். சபையில் ராப்போஜன அப்பம் வாங்க அந்தக் கையை நீட்டினான். போதகர் அப்பத்தைப் பிடித்தபடியே, "இது என்ன தம்பி, பஸ் டைம்டேபிளா?" என்றார். அது போகட்டும். தேதி ஓடினது, நரம்பு ஓடவில்லை. ஒரு மாசம் ஒரு அசைவும் இல்லை. நான் விரலையே பார்த்து, "சொன்ன தேதிக்கு வரணுமா வேண்டாமாடா?" என்று சத்தம் போட்டேன். பையன் ஒருநாள் ஸ்குரூவைப் பிடித்துப் பார்த்தான். கண்ணை மூடினால் விரலில் ஸ்குரூ இருக்கா, விழுந்துபோச்சா என்றே தெரியவில்லை. "மாமா, இனி எனக்கு இந்த வேலை ஒக்காது, இல்லியா?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இது மட்டும் கதையில்லை பிள்ளே.

டாக்டரிடம் போய் நின்றேன். முதல் மாசம் நரம்பு ஆயத்தப்படுமாம், பிறகுதான் புறப்படுமாம். விரலில் மெள்ளத் தட்டிக்கொண்டே போனால், ஷாக் மாதிரி எங்கே சுர்ரென்கிறதோ அங்கேவரை வந்தாச்சு என்று அர்த்தமாம். அன்றுமுதல் தினம் காலையில் டெஸ்டரின் பிடியால் தட்டிப் பார்க்கிறேன். ஒருநாள் விரல் மடங்குகிற முதல் ரேகையில் தட்டினேன். "அடிக்குது மாமா!" என்று துள்ளினான். ஷாக் அடிக்குது என்று ஒருத்தன் சொல்லி நான் ஸ்தோத்திரம் பண்ணினது இந்த முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான். இப்போது ரெண்டாம் ரேகையும் தாண்டியாச்சு. நுனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்த நேரத்தில் விரலைப் போட்டு அமுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கு. உள்ளே வயர் ஏறிக்கொண்டிருக்கும்போது யாராவது சுவரைப் போட்டு இடிப்பார்களா? கார் வேண்டாம் சுசீலா. உன் அண்ணன் இருக்கிறேன்.

உன் வீட்டிலும் தொழுவத்திலும் சமாதானம் தங்குவதாக. ஆமென்.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்தான் ஞானசிகாமணி

பி.கு.: அம்மா, இது பினு. மாமா டீ வாங்க இறங்கியிருக்கு. என்னை மாமா தூக்கவில்லை. மாமாதான் ரத்தத்தைக் கண்டதும் மயங்கி விழுந்துட்டு. ஆட்டோவில் நான்தான் மாமாவை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். ஆபரேஷன் முடியும்வரை மாமா குளுக்கோஸ் ஏற்றிப் படுத்திருந்தது. பைப் நீட்டினது மட்டும் சத்தியம். வெள்ளிக்கிழமை வா, ஆனால் சும்மா பார்க்க வா. ஆசான் எண்ணெயை உன் கால்முட்டுக்குப் போடு. பேனாவும் நல்ல பேனாதான் அம்மா. மாமா சொல்லச் சொல்ல முழுக் கடிதத்தையும் எழுதினது நான், வலது கையால். போன வாரம்வரை பேனா நழுவினால், தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கு மூணு தடவை நழுவிச்சு. மூணு தடவையும் விழுமுன்னே பிடிச்சிட்டேன்.