மஞ்சளில் முக்கிய வெள்ளைச் சேலை

மன்னிப்புக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்யாணமானவன், காரணம் தெரியாமலேகூடக் கேட்டுவிடுவேன். ஆனால் அந்த வெள்ளைச் சேலையை மஞ்சளில் முக்கியதற்கு மட்டும் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, இனிமேலும் கேட்பதாக இல்லை. டைரக்டர் கேட்கச் சொன்னார், கேட்கவில்லை. என்னைப் பெற்றவரே கேட்கச் சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். (சேலம் ஜில்லாவே சிரித்து முடித்த விஷயம்தான்.)

அது யுத்த காலம். சேலத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் காமிராக்காரருக்கு இரண்டாவது உதவியாளனாக இருந்தேன். உதவியாளன் என்றால் காமிராவுக்குள் கண்ணை விட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்க் விளக்கு என்று ஒன்று உண்டு. இரண்டு கரிக் குச்சிகளை மூக்கோடு மூக்கு வைத்துப் பற்றவைத்தால் நடுவில் சூரியன் மாதிரி எரியும். குச்சி தேயத் தேயத் தள்ளிக் கொடுக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் மெல்லிய துணி கட்டி வெளிச்சத்தைத் தணிக்க வேண்டும். துணி பற்றிக்கொண்டால் அணைக்க வேண்டும். வேலை முடிந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாகப் போகும். ஊரில் மட்டும், படம் எடுப்பதே நான்தான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஊர் வெண்ணந்தூர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தறிதான். நூலுக்கே திண்டாட்டமான அந்தக் காலத்திலும் அப்பா தறிக்குழியில் ஒரு இடத்தை எனக்காகக் காலியாக வைத்திருந்தார். எப்போது ஊருக்குப் போனாலும் அந்தக் குழியை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த நிலையில்தான் காமிராக்காரர் மேத்தா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அவர் பம்பாய்க்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாற்பது ஐம்பது வார்த்தை இருக்கும். அவற்றில் பாதி எங்களைத் திட்டுவதற்கு. கதையில் ஒரு பண்ணையார் இறந்துபோகிறார்; இளம் மனைவி பிணத்தின் அருகே உட்கார்ந்து அழுகிறாள். அந்தக் காட்சிக்கு நீயே விளக்கு வை என்றார். நன்றாக வந்தால் அடுத்த படத்தில் நான் முதல் உதவியாளன். வராவிட்டால்? மேத்தா ரயில் போவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினார். எனக்குத் தறிக்குழி கண்முன்னே வந்தது.

விளக்கு வைப்பதில் எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. (வேலையே இல்லாதவனுக்குத்தான் கொள்கை அதிகம் இருக்கும்.) கதாநாயகி எந்தக் காட்சியில் வந்தாலும் தலைக்குப் பின்னால் ஒரு விளக்கு வைத்து, கூந்தல் ஓரமெல்லாம் ஜொலிக்கச் செய்வது அந்தக் கால வழக்கம். அடுப்பு ஊதினாலும் ஜொலிப்பாள், காய்ச்சலில் படுத்தாலும் ஜொலிப்பாள். புருஷன் செத்த வீட்டிலுமா ஜொலிக்க வேண்டும்? பின்னால் இருந்த விளக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். டைரக்டருக்குக் கோபம். நட்சத்திரத்தை இருட்டில் உட்காரவைக்கிறான் என்று சத்தம் போட்டார். ஜன்னல் பக்கமிருந்து ஒரே வெளிச்சம், அது முகத்தில் மட்டும் விழும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். மேத்தா பீடி பற்றவைத்தார். அது சம்மதம் என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல், வெள்ளைச் சேலை. அன்றைய பிலிமுக்கும் வெள்ளைத் துணிக்கும் ஆகாது. முகத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் சேலை தீப்பிடித்த மாதிரி எரியும். சேலையை அடக்கினால் முகம் கரிச்சட்டி ஆகிவிடும். அதனால் வெள்ளைத் துணியை டீத் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் மங்கலாக்கித்தான் கட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளையாகவே தெரியும். அந்த வேலையைச் செய்பவர் ஸ்டூடியோ தையல்காரர். அவரோ கொழுந்தியா கல்யாணம் என்று, டீத்தூள் இருந்த பெட்டியின் சாவியோடு ஆத்தூருக்குப் போய்விட்டார்.

மேத்தா என்னைத்தான் பார்த்தார். "உன் அப்பா துணி. நீ சாயம். கொஞ்சம் மஞ்சள்" என்றார். நெசவுக்காரன் மகனுக்குச் சாயம் தெரியாதா என்பது அவர் நினைப்பு. தெரியும் என்பது என் நினைப்பு. (எங்கள் வீட்டில் சாயம் போட்டவர் பெரியப்பா. நான் போய் வேடிக்கை பார்த்ததோடு சரி.) யுத்தத்தில் சீமைச் சாயம் எங்கே கிடைக்கிறது? ஆனால் சேலத்தில் மஞ்சளுக்குப் பஞ்சமா? அரைத்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று தெரியாததால் தாராளமாகவே கரைத்து, சேலையை முக்கி எடுத்தேன். காய்ந்ததும் பார்த்தால் மாரியம்மன் கோவிலுக்குத் தீச்சட்டி எடுக்கப் போகலாம், அப்படி ஒரு மஞ்சள்.

கதாநாயகிக்கு அதைப் பார்த்ததும் ஆனந்தம். அவளுக்கு அப்போதுதான் நிஜக் கல்யாணம் ஆகியிருந்தது. வெள்ளை கட்டினால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மாமியார் சொல்லியிருந்தாளாம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா என்று என்னைக் கும்பிட்டே விட்டாள். என் சினிமா வாழ்க்கையில் ஒரு நட்சத்திரம் என்னைக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

காட்சிக்கு நிஜமாகவே ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று மோகனூர்ப் பக்கமிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார்கள். கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில், வழியெல்லாம் இறங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி நல்லாயம்மா. எழவு வீட்டுக்கு அவள் வந்து உட்கார்ந்தால் பங்காளிச் சண்டைக்காரனும் அழுவான் என்று பெயர். அவள் உள்ளே வந்தாள், பாடையில் கிடந்த துணை நடிகரைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்த விதவையைப் பார்த்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"புருசன் பொணம் கெடக்கயில மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறவளுக்கு நாங்க என்னன்னு சாமி அழுகறது?"

படத்தில் நிறம் தெரியாது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான் என்று டைரக்டர் விளக்கினார். எங்களுக்குத் தெரியுதுங்களே என்றாள் அவள். மற்றப் பெண்களும் எழுந்துவிட்டார்கள். பிலிமோ கட்டுப்பாட்டில் அளந்து அளந்து வந்த காலம். அந்தக் காட்சிக்கு ஒரே டேக், இரண்டாவதுக்கு வழியில்லை. டைரக்டர் என் பக்கம் திரும்பி, துவைத்து வெளுத்துக்கொண்டு வா, முதலில் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேள் என்றார். மன்னிப்பை விட்டுவிட்டுச் சேலையை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது நான் செய்ததை எங்கள் தெருவில் கைக்குழந்தைகூடச் செய்யாது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும்? ஆலாத்தித் தட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், ரத்தச் சிவப்பாகும். சலவைச் சோடாவும் அதே வேலையைத்தான் செய்யும். நானோ சீக்கிரம் வெளுக்கட்டும் என்று இரண்டு கை சோடாவை அள்ளிப் போட்டு, நல்ல காரமாக அதில் சேலையை அமுக்கிக் கசக்கினேன். கையை எடுத்தால் வாளிக்குள் ஆடு அறுத்த மாதிரி இருக்கிறது! அலசினேன், பிழிந்தேன், முருகா முருகா என்றேன். அங்கங்கே திட்டுத் திட்டாக, அழகான கூரைப்புடவைச் சிவப்பு. உள்ளே எல்லோரும் காத்திருக்கிறார்கள், கரிக் குச்சிகள் தேய்கின்றன. வெயிலில் அரைகுறையாக உலர்த்தி எடுத்துக்கொண்டு போனேன்.

நல்லாயம்மா மேலும் கீழும் பார்த்தாள். "இனித் தாலி மட்டுந்தானுங்க பாக்கி. மேளகாரங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

பாடையில் கிடந்த பிணமே சிரித்துவிட்டது. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் பாருங்கள், அந்த நேரத்தில்தான் எனக்கு வீம்பு வந்தது. மேத்தாவின் கழுத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி எப்போதும் தொங்கும். அதன் வழியாகப் பார்த்தால் நிறமெல்லாம் அடங்கி, பிலிமில் தெரியப்போகிற மாதிரி வெறும் வெளிச்சமும் நிழலுமாகத் தெரியும். நட்சத்திரங்களே தொட அஞ்சும் கண்ணாடி. அதை அவர் கழுத்திலிருந்தே கழற்றி நல்லாயம்மாவிடம் நீட்டினேன். பாருங்கம்மா, சிவப்பு தெரிகிறதா, அந்தப் பெண்ணின் துக்கம் தெரிகிறதா, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அவள் கண்ணாடியை வாங்கி விதவையைப் பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் திருப்பி நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"இதுல பாத்தா நீங்களுந்தான் பொணமாட்டத் தெரியறீங்க சாமி. அதுக்குன்னு உங்களுக்கு அழுதற முடியுங்களா?"

டைரக்டர் கடைசித் தடவையாகச் சொன்னார். வேறு வெள்ளைச் சேலை கொண்டு வா, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வெளியே போ. வெள்ளை கட்டினால் முகம் தெரியாது, முகம் தெரியாத துக்கத்துக்கு நான் விளக்குப் பிடிக்கமாட்டேன் என்றேன். மேத்தா தன் கண்ணாடியை வாங்கி என் சேலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சிவப்பு நல்லது. எடு" என்றார்.

நல்லாயம்மாவும் இறங்கி வந்தாள். செத்தவருக்கு அழுகிறோம், அவளுக்கு அழமாட்டோம் என்றாள். பெண்கள் விதவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆர்க் சீறி எரிந்தது, காமிரா ஓடியது, நல்லாயம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"வெள்ளச் சீல கண்ணக் கூசுமுன்னு – என் ராசாவே
மஞ்சத் தண்ணியில முக்குனானே
முக்குன பய மூளையவும் – என் ராசாவே
மூட்டை கட்டிக் கொண்டு போனீங்களோ!"

டைரக்டர் தஞ்சாவூர்க்காரர். இழுத்து இழுத்து அழுததில் அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிப்பதிவுக்காரரும் மெட்ராஸ், காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரமாதம் என்று கை காட்டினார். மேத்தாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புரிந்தவன் நான் ஒருத்தன், அப்புறம் மேலே பரணில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்கள். அவர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள், விளக்கும் குலுங்கியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் டேக் போச்சு, பிலிம் போச்சு, என் விளக்கும் போச்சு. என் மூளைக்கு நடந்த எழவை முழுசாகக் கேட்டுக்கொண்டு, குச்சியைத் தள்ளிக் கொடுத்தபடி நின்றேன்.

படச்சுருள் கழுவி வந்ததும் போட்டுப் பார்த்தோம். சிவப்புச் சேலை சாம்பலாக அடங்கிவிட்டது. சுற்றிலும் திரும்பிய முதுகுகள். நடுவே அந்தப் பெண்ணின் முகம் மட்டும், அணையப்போகும் திரிபோல வெளிச்சம் லேசாக நடுங்க, தன்னந்தனியாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. மேத்தா எழுந்து, "விளக்கு நல்லது. சாயம் கழுதை" என்றார். நான் முதல் உதவியாளன் ஆனேன்.

படம் வெளிவந்தபோது மெட்ராஸில் அந்தக் காட்சிக்கு அழாதவர்கள் இல்லையாம். ராசிபுரம் டூரிங் கொட்டகையில் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு களுக்கென்று கேட்டது. அப்புறம் கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அடுத்த ஆட்டத்துக்கு அந்த ஒப்பாரிக்காகவே ஜனம் வந்தது. சேலையை முக்கிய பயல் யார் என்று வெண்ணந்தூருக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அப்பாவே வாயைத் திறந்து சொன்னார், நான் போகவில்லை.

முதலில் களுக்கென்று சிரித்தது யார் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் நான் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தாலும், குடையைத் தொலைத்துவிட்டு வந்தாலும், உள்ளேயிருந்து "மூட்டை கட்டிக் கொண்டு போனீங்களோ" என்று ராகம் கிளம்பும். பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுவார்கள். நானும் விடுவதில்லை, அத்தனை பேர் சிரித்தீர்களே, அந்தப் பெண்ணின் முகம் தெரிந்ததா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல் என்று கேட்பேன்.

"மொகம் நல்லாத் தெரிஞ்சுதுங்க," என்பாள் என் மனைவி. "மூளைதானுங்க இன்னமும் தெரியல."