மஞ்சள் ரிப்பன் கட்டிய குட்டி

இதை வரிசை தப்பாமல் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். குட்டிகள் நான்கு என்றுதான் நினைவு. ஐந்து என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பஸ் டிரைவர் அழுதது குட்டியைத் தூக்குவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ரிப்பன் மஞ்சள். அதில் மட்டும் யாரும் என்னை அசைக்க முடியாது. அந்த நிறத்தை அவர் மனைவி அத்தனை தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர் என்றால் பூதக்கண்ணாடி. வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறவர். அசல் எது, போலி எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் அந்தப் பெயருக்குச் செல்வாக்கு இல்லை. வீட்டில் அவர், நீல பெயிண்ட் வாங்கி வரச் சொன்னால் பச்சை வாங்கி வருகிறவர். மச்சினியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய், வேறு யாருடைய மச்சினியையோ பெட்டியும் கையுமாக வாசல் வரை கூட்டி வந்தவர்.

அப்படிப்பட்ட பூதக்கண்ணாடி இப்போது குட்டிக்காரம்மாவின் பின்னறையில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு நாய்க்குட்டியின் கழுத்தில் இருந்த ரிப்பனைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

குட்டிக்காரம்மா பூடில் நாய்க் கலப்புக் குட்டிகளை வளர்த்து விற்கிறவர். அந்த ஈத்தில் பிறந்த நான்கும் ஒரே அச்சு. பால் கூடுதலாக விட்ட காபியின் நிறம், சுருட்டை முடி, முடிக்குள் எங்கோ இரண்டு கண்கள். அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ரிப்பன். மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம். வாங்குகிறவர்கள் ஒரு நாள் வந்து பார்த்து நிறத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வளர்ந்த பிறகு வந்து அந்த நிறத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதல் தடவை மனைவி மட்டும்தான் போனாள். அன்று அவருக்கு வங்கியில் தணிக்கை. திரும்பி வந்தவள் புடவையில் ஒட்டியிருந்த சுருட்டை முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சொன்னாள்:

"மஞ்சள் ரிப்பன் கட்டினதுதான் நம்மளது. மத்ததெல்லாம் சும்மா திரும்பிச்சு. அது என்னைப் பார்த்துச்சுங்க."

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் கரண்டிகள்தான் பேசிக்கொண்டிருந்தன. அவள் எதையும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கேட்ட ஒன்று இதுதான். இதையும் மாற்றிக் கொண்டு வந்தால் இனி அவள் எதையுமே கேட்க மாட்டாள் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும்.

அழைத்துவர வேண்டிய நாளில் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. நீங்களே போய்வாருங்கள் என்றாள். வாசல் வரை வந்து, "இந்த ஒரு காரியத்தையாவது சொதப்பாம பண்ணுங்க" என்றாள்.

அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தது கிடையாது. தப்பு செய்கிற பதவி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் நிரந்தரமாக்கப்பட்டிருந்தார்.

குட்டிக்காரம்மா அவரைக் கைகழுவ வைத்து, தரையில் உட்கார வைத்து, எதை வேண்டுமானாலும் தொடலாம், ரிப்பனை மட்டும் தொடக்கூடாது என்று சொன்னார். கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் சொன்னார். முடிச்சை இரட்டையாக இறுக்கிப் போட்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு குட்டிகளோடு அனுப்ப வேண்டிய தீவனத்தைக் கட்டுவதற்காகச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த இரட்டை முடிச்சுதான் வினை. மஞ்சள் குட்டி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து 'க்ளுக்' என்றது. மறுபடியும் 'க்ளுக்'. ரிப்பன் கழுத்தை இறுக்குகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனைவி வெகுகாலம் கழித்துக் கேட்ட ஜீவன் மடியிலேயே மூச்சு முட்டிப் போவதை எந்தப் புருஷன் பார்த்துக்கொண்டிருப்பான்? விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். கடைசியில் பல்லால் கடித்தார். முடிச்சு அவிழ்ந்தது. ரிப்பன் நுனி தும்பு தும்பாகப் போனது.

குட்டி நிம்மதியாக 'க்ளுக்' என்றது. அது வெறும் விக்கல்.

சரி, திரும்பக் கட்டிவிட்டால் போயிற்று. ஆனால் குட்டிக்காரம்மாவின் முடிச்சு ஒரு தினுசாக இருந்தது. இவருக்குத் தெரிந்தது ஷூ லேஸ் முடிச்சு ஒன்றுதான். அதைப் போட்டால் பார்த்த உடனே தெரிந்துபோகும். எப்படிப் போட்டிருக்கிறார் என்று படித்துக்கொள்வதற்காகப் பச்சைக் குட்டியைப் பிடித்து அதன் முடிச்சை மெல்ல மெல்லப் பிரித்தார். முடிச்சு விளங்கியது. விளங்கும்போது பச்சை ரிப்பனும் கையோடு வந்துவிட்டது.

பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இடது கக்கத்தில் இருப்பது மஞ்சள். வலது கக்கத்தில் இருப்பது பச்சை. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

எடுத்தார். எதைக் கீழே விட்டுவிட்டு எடுத்தார் என்பதுதான் பிறகு அவர் வாழ்நாளெல்லாம் யோசித்த கேள்வி.

"என்னங்க, மஞ்சள்தானே?"

"மஞ்சள்தாம்மா."

"கையில இருக்கா?"

பூதக்கண்ணாடி கையைப் பார்த்தார். ரிப்பன் இருந்தது.

"கையிலதான் இருக்கு" என்றார். தலைவலி எப்படி என்று விசாரித்தார். அது அப்போதே விட்டுவிட்டதாம். போனை வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டு மொட்டைக் கழுத்துகள் தரையில் ஒன்றன்மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. விக்கல் இருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்று 'க்ளுக்' என்றது. மற்றதும் 'க்ளுக்' என்றது. மூலையில் இருந்த சிவப்பும் 'க்ளுக்' என்றது. எல்லாம் ஒரே தட்டில் அவசர அவசரமாகத் தின்றவை.

அவளைப் பார்த்ததாமே, அந்தப் பார்வையைப் பார்க்கலாம் என்று குனிந்தார். ஒரு குட்டி அவரை ஆழமாகப் பார்த்தது. நெஞ்சு இளகியது. அடுத்ததும் அதே மாதிரி ஆழமாகப் பார்த்தது. நீலக் குட்டி வந்து இவை இரண்டையும்விட ஆழமாகப் பார்த்துவிட்டு அவர் முழங்காலை நக்கியது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் ஒருவன் நாணயத்தைச் சுண்டிப் போட்டிருப்பான். பூதக்கண்ணாடிக்குத் தொழில் தெரியும். சந்தேகக் கையெழுத்துகள் இரண்டை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது. சந்தேகமில்லாத மாதிரிகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், ஒப்பிடும்போது பெயரை மறைத்துவிட வேண்டும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும். வங்கியில் அதற்கென்றே ஓர் அட்டை வைத்திருந்தார்.

இங்கே சந்தேகமில்லாத மாதிரிகள் சிவப்பும் நீலமும். அட்டை இல்லாததால் அவற்றின் பெயரை மறைக்க ஒரே வழிதான் இருந்தது.

அவிழ்த்தார்.

நான்கு ரிப்பன்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, நான்கு குட்டிகளும் ஒரே பந்தாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி, நான்கு திசையில் சிதறின. தாம் என்ன செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குட்டிகளுக்குக்கூட விக்கல் நின்றுவிட்டது.

வாசலில் பேச்சுச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடி கைக்கு வந்த குட்டியின் கழுத்தில் கைக்கு வந்த ரிப்பனைக் கட்டினார். புதிதாகப் படித்த முடிச்சு முதல் குட்டியோடு மறந்துபோயிற்று. மற்ற மூன்றுக்கும் ஷூ லேஸ் முடிச்சு.

கதவைத் திறந்துகொண்டு குட்டிக்காரம்மா வந்தார். பின்னால் நீலக் குட்டிக்கு உரியவரான பஸ் டிரைவர், கதவு நிலையை நிறைத்துக்கொண்டு நின்றார். குட்டிக்காரம்மாவின் பார்வை முடிச்சுகள்மேல் போனது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் பூதக்கண்ணாடியின் உதட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் தும்பில் வந்து நின்றது.

"முடிச்செல்லாம் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"காத்து" என்றார் பூதக்கண்ணாடி.

ஜன்னல் சாத்தியிருந்தது. குட்டிக்காரம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு தீவனப் பையை அவரிடம் நீட்டினார்.

இதற்குள் பஸ் டிரைவர் நீல ரிப்பனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். "ஆயிரம் குட்டிக்கு நடுவுல விட்டாலும் என் தங்கத்தை நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. குட்டி அவர் சட்டையை நனைத்தது. நனைத்ததிலும் அவருக்குப் பழைய அடையாளம் தெரிந்ததாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். அத்தனை பெரிய மனிதர் அழுவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியில் மஞ்சள் ரிப்பனோடு இருந்த குட்டியோடு மானசீகமாகப் பேசிக்கொண்டு வந்தார். நீயாக இருந்தால் ஒரு தடவை குரை என்று கெஞ்சினார். அது தூங்கியது.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். குட்டியை வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வழியிலே குழப்பமாகிவிட்டது என்று ஆரம்பிக்கலாமா, காற்று என்றே ஆரம்பிக்கலாமா என்று பூதக்கண்ணாடி யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"இதேதான்."

"இதேதானா?"

"பாருங்க, இந்தப் புருவம். இதை எங்க பார்த்தாலும் சொல்லிடுவேன்."

குட்டிக்குப் புருவம் என்று தனியாக எதுவும் இல்லை.

"ஆமா" என்றார் பூதக்கண்ணாடி. "நானும் அந்தப் புருவத்தை வெச்சுத்தான் எடுத்தேன்."

குட்டிக்கு உருண்டை என்று பெயர் வைத்தார்கள். வீடு கலகலப்பாகிவிட்டது. அவள் உருண்டையைத் திட்டினாள், உருண்டைக்காக அவரைத் திட்டினாள், இருவரையும் திட்டிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்கப் பூதக்கண்ணாடிக்கு உள்ளுக்குள் அரித்தது. போலி ஒன்றை அசல் என்று கொடுத்துவிட்டு, அதற்குக் கிடைக்கிற சந்தோஷத்தில் பங்கு வாங்கித் தின்கிறோமே என்று சோறு இறங்கவில்லை. வங்கியில் கண் தடுமாறியது. ஒரு நாள் மேனேஜரின் கையெழுத்தையே போலி என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் அவர் எதிரிலேயே இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். அதையும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

இனித் தாங்காது என்று தெரிந்ததும், உருண்டையைத் தூக்கிக்கொண்டு குட்டிக்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். மனைவியிடம் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் முதலில் வேறு யாரிடமாவது சொல்லிப் பழகுவது உண்டு.

குட்டிக்காரம்மா வெளியே போயிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் வேலிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய ஆணி. குட்டி விஷயத்தில் எதிலும் தலையிடாத மனிதர். பூதக்கண்ணாடி அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். விக்கல், பல், கக்கம், போன், வங்கி விதி, ஷூ லேஸ் முடிச்சு, புருவம், ஒன்றையும் விடவில்லை. என் மனைவி நெஞ்சார ஆசைப்பட்ட குட்டி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ, இது யாருடைய குட்டியோ, இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று கேட்டார்.

வீட்டுக்காரர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சார், முதல்ல குட்டி பார்க்க வந்த அன்னிக்கே உங்க வீட்டம்மா இதே மாதிரி நாலு ரிப்பனையும் அவுத்துட்டு, எது எதுன்னு தெரியாம கலங்கிப் போய், 'நான் வரலை, எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன், அவர் கொண்டு வந்தா தப்பு அவருதா போயிடும்'னு சொல்லிட்டுப் போனாங்க."

பஸ் டிரைவர் இன்னும் பஸ் ஓட்டுகிறார். அவர் குட்டி பெரிதாகி, யார் ஹாரன் அடித்தாலும் குரைக்கிறது. பச்சையும் சிவப்பும் போன வீடுகளிலிருந்து எந்தப் புகாரும் வரவில்லை. குட்டிக்காரம்மா அடுத்த ஈத்துக்கு ரிப்பன் கட்டவில்லை. பூதக்கண்ணாடி மனைவியிடம் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. உருண்டை இருவருக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறது.