அரைப்பக்க முசியேவும் கடல் புழுவும்

புதுச்சேரியில் வெள்ளைத்தாளை அதிகமாக வீணாக்கியவர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதாக இருந்தால் அதை அரைப்பக்க முசியேவுக்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது இடத்துக்கு ஆளே கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை அவர் அரசாங்க அலுவலகத்தில் டைப் அடித்தவர்; 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் 'முசியே' அப்படித்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. அங்கே கீழே உள்ளவன் மேலே உள்ளவருக்கு எழுதும்போது தாளின் இடது பாதியைக் காலியாக விடுவது வழக்கம். மேலதிகாரி தம் உத்தரவை அதில் எழுதுவார். ஆட்சி மாறியது, முசியே மாறவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டரோடு கடை போட்டு, எதை அடித்தாலும் பாதித் தாளை விட்டுவிட்டே அடித்தார். புதுமாப்பிள்ளை ஒருவர், மனைவியை அனுப்பிவைக்கச் சொல்லி மாமனாருக்கு இவரிடம் கடிதம் அடித்து அனுப்பினார். மாமனார் அந்தக் காலி இடத்தில் "ஆடி முடியட்டும்" என்று எழுதி, அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன். அப்போது கல்லூரியில் எனக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை. படகு மரத்தைத் துளைக்கும் கடல் புழுவைப் பற்றி, இரண்டு வருஷம் மீனவர் குப்பங்களில் அலைந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அது கல்கத்தா ஆய்விதழ் ஒன்றில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் அடிக்கிற வேறு ஆள் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால், ஒன்பது பக்கம் அடித்து வைத்திருக்கிறார். எல்லாம் அரைப்பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முசியே, இன்னா இது? இப்படிப் போனா நாப்பது பக்கம் வரும்!"

"படிக்கப் போறவரு உனக்குப் பெரியவரா, சின்னவரா?"

"பெரியவருதான்."

"அப்ப அவரு எழுத எடம் வாணாமா?"

ஆத்திரத்தோடு பையிலிருந்து ஆய்விதழின் விதிமுறைத் தாளை எடுத்து நீட்டினேன். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வரிக்கு வரி இரட்டை இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும், மூன்று பிரதிகள், இருபது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முசியே அதை எழுந்து நின்று படித்தார்.

"ரெக்ளமான் வந்திருக்குன்னு மொதல்லயே சொல்ல வாணாமா தம்பி?"

அவருக்கு விதிமுறை என்றால் மேலதிகாரியே நேரில் வந்த மாதிரி. ஒன்பது பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, ஸ்கேலால் ஒன்றரை அங்குலம் அளந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இருபதாம் பக்கம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டார். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி.

"ரெண்டு பக்கம்தானே முசியே, யாரு எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணிட்டேனே."

கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், "எதத்தான் வெட்டச் சொல்றீங்க?" என்றேன்.

"மொத ரெண்டு பக்கம். கடலு எவ்ளோ பெருசு, எவ்ளோ பழசுன்னு எழுதிருக்கியே, அத. புழு மூணாம் பக்கத்துலதான் வருது. அதுவரைக்கும் எவன் குந்தினு இருப்பான்?"

அந்த இரண்டு பக்கமும் நான் ரசித்து ரசித்து எழுதியவை. ஆனால் வேலை போய்விட்டால் கடலின் பெருமையை யாரிடம் சொல்வது? வெட்டினேன். முசியே பாக்கி இரண்டு பக்கத்தையும் அடித்து, தலைப்போடு முதல் பக்கத்தைத் திரும்ப அடித்தார். மூன்று பிரதிகளிலும் ஒவ்வொரு பக்க எண்ணையும் ரப்பரால் அழித்து மாற்றினார். வெள்ளிக்கிழமை கட்டுரை தபாலில் போனது.

சில மாதம் கழித்து ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. நேராக விஷயத்துக்கு வருகிற கட்டுரை என்று பாராட்டி, ஏற்றுக்கொண்டிருந்தார். கல்லூரியில் எல்லாரும் என் நடையைப் புகழ்ந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டேன்.

வேலை நிரந்தரமானதும் இனிப்போடு முசியேவைப் பார்க்கப் போனேன். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"வேல கெடச்சதுல சந்தோஷம். அந்தப் புழு இன்னா ஆச்சு? படகத் தொளைக்கறத நிறுத்திடுச்சா?"

புழுவின் நீளம், அகலம், பிள்ளைகுட்டி எல்லாம் கட்டுரையில் இருந்தன. அதை நிறுத்தும் வழி மட்டும் இல்லை.

"இல்ல முசியே, அது இன்னும் தொளைக்குது."

"அப்ப அதுக்கு வழி கண்டுபிடிச்சு எழுதிக் கொண்டா. அடிச்சித் தரேன்."

அதற்குப் பிறகு என் கட்டுரைகளை எத்தனையோ பேராசிரியர்கள் படித்துவிட்டார்கள். புழு படகைத் துளைப்பதை நிறுத்தியதா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் எனக்கு இன்னும் குறையவில்லை.