குழாய்ப் பெட்டியின் சாவி

திண்டுக்கல்,
12-5-1967.

அன்புத் தங்கை பொன்னழகுக்கு, அக்கா சண்முகவள்ளி மனமார வாழ்த்தி எழுதுவது. உன் அத்தானுக்கு இருமல் குறைந்துவிட்டது, வெயில்தான் குறையவில்லை. பம்பாயில் நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டர் பத்துப் பேர் கணக்கை ஒரே சமயத்தில் போடுகிற மாதிரி தெரியுமாம். உண்மையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து, முடியாவிட்டால் விட்ட இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த கணக்கை எடுக்குமாம். முறை வைக்க உள்ளேயே மேற்பார்வைக் கட்டளைகளாம். அவை இருக்கும் இடத்தை வேறெந்தக் கணக்கும் தொட முடியாதாம், எது வேண்டுமானாலும் அவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டுமாம். அவற்றை எழுதியதால் உன்னை எல்லோரும் 'மேடம்' என்கிறார்களாம். அந்த வார்த்தையை நாலு தடவை படித்தேன். இன்டர்மீடியட் கணக்கில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு, உனக்கு எழுபத்தெட்டு. நீ படித்ததும் என் பழைய புத்தகத்தில்தான்.

இது என்ன பெரிய வித்தை என்று எங்கள் காம்பவுண்டில் நானும் செய்தேன். ஐந்து குடித்தனம், ஒரு குழாய், காலை ஆறிலிருந்து ஏழு வரை ஒரு மணி நேரத் தண்ணீர். குழாயைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து, நம்மூர்ப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். திறப்பதும் மூடுவதும் நான் மட்டும். கையில் டைம்பீஸ். ஆளுக்கு அரை நிமிடம், குடம் நிறையாவிட்டாலும் எடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். "அக்கா, உலை கொதிக்குது, செத்த நேரம் விடுங்க" என்று ஆனந்தமேரி கெஞ்சினாள். விதி விதிதான் என்றேன். ஏழு மணிக்குப் பார்த்தால் ஒரு குடமும் நிறையவில்லை, குடத்தை வைப்பதிலும் எடுப்பதிலுமே நேரம் போயிருந்தது. "தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு, தண்ணிதான் வரல" என்றாள் குர்ஷித் பேகம். அரை நிமிடத்தை மூன்றாக்கினேன், சரியாயிற்று. ஆளுக்கு நேரம் ரொம்பக் குறைந்தால் ஆள் மாற்றுவதிலேயே பொழுது போய்விடும் என்று நீயே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் பொறாமையில் இரண்டாம் பக்கத்தோடு மடித்துவிட்டிருந்தேன்.

அப்புறம்தான் செம்பட்டிக் கல்யாணம் வந்தது. அன்று காலை தண்ணீர் பாதியிலேயே நின்றுபோக, வறண்ட குழாய்தானே என்று அதைத் திருகி மூடாமல் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்திருக்கிறது. மூட வேண்டுமானால் சாவி வேண்டும், சாவியோ செம்பட்டியில் வடை பாயசத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கடைசி வீட்டு ஸ்தனிஸ்லாஸின் ஆர்மோனியம் மிதந்ததாம். அவர் கடப்பாரை எடுத்தார். பெட்டிதான் உடைந்தது, பூட்டு உடையவில்லை. திரும்பி வந்தபோது, "கல்யாணம் நல்லா நடந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டார். வைதிருந்தால் தேவலை. உன் அத்தான்தான், "பம்பாய்க்காரி பொறியில மேற்பார்வைக்காரன் கல்யாணத்துக்குப் போவானாடி?" என்று சிரித்தார்.

ஒரு மாதம் வந்து பொறியைப் பார் என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் எப்படி வருவது? நான் இல்லாவிட்டால் இந்தக் குழாயடி என்னாகும்? யோசித்துப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் தலைக்கு எண்ணெயும் உன் பொறிக்குக் குளிர்ச்சியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சண்முகவள்ளி

பி.கு.: பெட்டி உடைந்து பத்து நாளாகிறது. மற்ற நாலு வீட்டாரும் தங்களுக்குள் பேசித் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள், சண்டையே இல்லை. என்னைக் கண்டால், "வாங்கக்கா, நீங்க மொதல்ல பிடிங்க" என்று வேறு விலகி நிற்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன், ஸ்டேஷனுக்கு வந்துவிடு. உன் மேற்பார்வைக் கட்டளைகளை முதல் வரியிலிருந்து காட்ட வேண்டும். ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் நான் ஊர் திரும்ப மாட்டேன்.