நானே பள்ளிக்கூடம்

என் மகளுக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் பிரஷ்ஷும் கையுமாகத்தான் எடுப்பேன். வாயில் நுரை இருக்கும்வரை மனைவியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

தொழிலே எனக்குப் பல்தான். டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, பிளாஸ்டரில் அந்த வாயை வார்த்து, ரோஸ் நிற மெழுகில் ஈறு செய்து, பல்லைப் பல்லாக நட்டு, பல்செட் ஆக்கித் திருப்பி அனுப்புவேன். இந்த வட்டாரத்தில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் சிரிப்பது என் சிரிப்பு. வீட்டில் நான் சிரிப்பதற்கு மட்டும் சந்தர்ப்பம் பார்க்க வேண்டும்.

மனைவிக்கு நூலகத்தில் வேலை. குழந்தைகள் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. அறுபது குழந்தைகளை ஒரு புருவத் தூக்கலில் அடக்குகிறவளுக்கு நான் எந்த மூலைக்கு?

மகளுக்கு நாலு வயது. வீட்டில் பெயர் வாலு. நான் வேலை செய்யும் மேஜைக்கு அடியில்தான் அவளுக்குக் குடித்தனம். அங்கிருந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வரும். "அப்பா, இது தாத்தா பல்லா, பாட்டி பல்லா?" "அப்பா, இந்தப் பல்லுக்கு வலிக்குமா?" நானும் தலையைக் குனியாமல் பதில் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பேன். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓடுகிறது.

இரண்டு தெரு தள்ளி ஒரு நர்சரி இருக்கிறது. ஒன்பது மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு வந்துவிடலாம். வெறும் மூன்று மணி நேரம். ஆனால் அந்த மூன்று மணி நேரமும் பின்னறையில் நானும் பற்களும் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் என்ன? அவள் போய்விட்டால் எனக்குப் பொழுதே போகாது. இதைப் போய் மனைவியிடம் சொல்ல முடியுமா? ஆகவே கல்விக் கொள்கை பேசினேன்.

"நாலு வயசுக் குழந்தையை நாலு சுவத்துக்குள்ள அடைக்கிறது பாவம்."

"நம்ம வீட்டுக்கும் நாலு சுவருதாங்க."

"அது வேற சுவரு. இங்க நானே சொல்லித்தரப் போறேன். படப் புத்தகம், கைவேலை, விளையாட்டு. தொட்டுப் பாத்து, செஞ்சு பாத்துக் கத்துக்கணும். அதுதான் படிப்பு."

"பல்லு கட்டுறவருக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தெரியுமா?"

"முப்பத்திரண்டு பேரை வரிசை கலையாம நிக்க வைக்கிறவன் நான். ஒத்தக் குழந்தையை உக்கார வைக்க மாட்டேனா?"

அவள் புருவத்தைத் தூக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"சரி, ஒரு மாசம் நடத்துங்க. முடிஞ்சதும் வாலுகிட்டயே கேப்போம். வீட்டுப் படிப்பா, நர்சரியான்னு அவ சொல்றதுதான் முடிவு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நீயும் மாறக் கூடாது."

"மாற மாட்டேன். புத்தகம் கூட நானே எடுத்துட்டு வந்து தரேன். எங்க பிரிவுல இல்லாத படப் புத்தகமா?"

நான் வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். என் வயிற்றின் மேல் படுத்துத் தூங்குகிற பிள்ளை வேறு யார் பக்கம் பேசும்? போதாக்குறைக்கு எதிரியே ஆயுதம் சப்ளை செய்கிறாள்!

திங்கட்கிழமை மூன்று புத்தகங்கள் வந்தன. முதல் புத்தகத்தில் ஒரு முயல் குட்டி. அதற்கு ஒரு சிவப்புப் பை. பையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போகிறது. படிக்கும்போது நான் சும்மா படிப்பேனா? முயலுக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல், வழியில் வருகிற வாத்துக்கு மூக்கடைத்த ஒரு குரல். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். பதினோரு தடவை படிக்கச் சொன்னாள். பதினோரு தடவையும் வாத்து வந்தது.

படித்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. பழைய சிவப்புத் திரைச்சீலையை வெட்டி அவளுக்கு ஒரு பை தைத்தேன். பல்லைச் செதுக்கிப் பழகிய கை. தையல் அவ்வளவு நேர்த்தி! முயலுக்கு இருந்த மாதிரியே இரண்டு பக்கமும் பாக்கெட். பெயர் எழுதி ஒட்ட ஒரு சீட்டு. வாலு அதை மாட்டிக்கொண்டு குளிக்கப் போனாள். கழற்ற வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பை பிரமாதமா இருக்குங்க" என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயால் "பிரமாதம்" கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தரையிலேயே இல்லை.

அடுத்த வாரம் நீர்யானைக் குட்டி ஒன்று டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போகிற கதை. அது டப்பாவைத் தானே திறக்கும், தானே சாப்பிடும், தானே மூடும். நாங்களும் டப்பா திறந்து மூடும் பயிற்சி செய்தோம். கூடவே ரோஸ் மெழுகில் ஒரு நீர்யானை செய்தோம். வாயை ஆவென்று திறந்த நீர்யானை. என்னிடம் இல்லாத பல்லா? கடைவாய்ப் பல்லாகப் பார்த்து எட்டு நட்டோம். அதை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்தோம்.

அன்று மத்தியானம் டாக்டரிடமிருந்து போன்.

"சார், பேஷண்ட் வாயைத் திறந்து வெச்சிட்டு நாற்காலியில உக்காந்திருக்காரு."

"பல்செட் காலையிலயே அனுப்பிட்டேனே டாக்டர்."

"அனுப்பினீங்க. டப்பாவைத் திறந்தா உள்ளே நீர்யானை இருக்கு."

தொழில் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "கடி சரியா உக்காருதா டாக்டர்?"

போன் வைக்கப்பட்டது. பேஷண்டின் பல்செட்டைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அது வாலுவின் டிபன் பாக்ஸில், இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில், சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, நானே ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு, எட்டுப் பல்லும் பிடுங்கப்பட்ட நிலையில் நீர்யானையைத் திரும்ப வாங்கி வந்தேன். வாலு ஒரு மணி நேரம் அழுதாள். மறுபடி பல் நட்டுக் கொடுத்த பிறகுதான் பள்ளி தொடங்கியது.

இவ்வளவு நடந்தும் மனைவி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா அப்படி இப்படித்தான் இருக்கும். விட்டுடாதீங்க" என்றாள். அடுத்த திங்கட்கிழமை இன்னும் மூன்று புத்தகம் கொண்டு வந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு ஆளை எங்கே தேடினாலும் கிடைக்காது.

மாடி வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் கட்டடத்தில் அவருக்கு "எல்-போர்டு" என்று பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எப்போதும் பிரேக்கிலேயே கால் வைத்திருந்து பழகியவர். பேச்சிலும் அப்படித்தான். ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கூடத்தில் எட்டு நாற்காலியை வரிசையாகப் போட்டு, பொம்மைகளை உட்கார வைத்து, நான் கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன சார், நாடகமா?"

"பாடம் சார். யானைக் குட்டி மஞ்சள் வேன்ல போய் இறங்கி, எல்லாரோடயும் வரிசையா உக்காருது. டீச்சர் பேர் கூப்பிட்டதும் 'உள்ளேன்' சொல்லுது. அதைச் செஞ்சு பாக்குறோம்."

"வேன் எங்க சார்?"

"நான்தான் வேன். இப்பதான் முதுகுல ஏத்தி மூணு ரவுண்டு அடிச்சேன்."

எல்-போர்டு மேஜை மேல் கிடந்த புத்தகங்களைப் புரட்டினார். கால் பிரேக்குக்குப் போவது முகத்திலேயே தெரிந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. முயலு பையை மாட்டிட்டு எங்க போகுது?"

"எங்கயோ போகுது. பைதான் சார் முக்கியம்."

"நீர்யானை?"

"அதுவும் போகுது."

"யானை?"

"சார், குழந்தைங்களுக்கு மிருகம்னா உயிரு. இப்பல்லாம் எழுதுறவங்க மிருகத்தை வெளிய அனுப்பித்தான் எழுதுறாங்க. வீட்டுல உக்காந்திருந்தா கதை எப்படி நகரும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரிவர்ஸ் கியரில் சுவரை நோக்கிப் போகிறவனைப் பார்க்கிற பார்வை. "நீங்க படிச்சவரு. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். பொறாமை என்று நினைத்தேன். என் மாணவி 'உள்ளேன்' சொன்ன கம்பீரம் அப்படி!

கடைசி வாரம் பென்குவின். குட்டி பென்குவின் வாசலில் நின்று அப்பா பென்குவினுக்கு டாட்டா காட்டுகிறது. அப்பா பென்குவின் தேம்பித் தேம்பி அழுகிறது. எனக்குக் கை வந்த பாத்திரம். வாசலில் நின்று நான் தேம்பத் தேம்ப, வாலு கையை ஆட்டி ஆட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை டாட்டா. நான் எந்த நடிப்பையும் இவ்வளவு மனசு ஒன்றிச் செய்ததில்லை.

மாதம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். பாராட்டு வாங்கும்போது கசங்கலாக இருக்கக் கூடாது.

"வாலு" என்றாள் மனைவி, "அப்பா வீட்டுலயே சொல்லித்தராரே, அது போதுமா? இல்ல ரெண்டு தெரு தள்ளி இருக்கே நர்சரி, அங்க போறியா? உனக்கு எது வேணுமோ சொல்லு."

வாலு யோசிக்கவே இல்லை. "அங்க நெஜ வேன் வருமா?"

"ரெண்டு தெருதானே, நடந்தே போலாம்."

"நெஜப் பசங்க இருப்பாங்களா?"

"இருபது பேரு இருக்காங்க."

"எல்லாரும் 'உள்ளேன்' சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"அப்ப அங்கதான்" என்றாள் என் வயிற்றின் மேல் தூங்குகிற பிள்ளை. "இங்க அப்பாவே டீச்சர், அப்பாவே பசங்க, அப்பாவே வேன். முயலுக்கெல்லாம் நெஜ ஸ்கூல். எனக்கு மட்டும் பொம்மை ஸ்கூலா?"

எழுந்து ஓடிப் போய்ச் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். டிபன் பாக்ஸும் கையில் இருந்தது. இப்போதே கிளம்பத் தயார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பன்னிரண்டு புத்தகங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். முயல், நீர்யானை, யானை, பென்குவின், நரி, அணில், இரண்டு வாத்து. ஒரு ஜீவன் பாக்கியில்லாமல் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன.

"நீ பண்ண வேலையா இது?"

"நான் என்னங்க பண்ணேன்? புத்தகம் கொண்டாந்தேன். படிச்சுக் காட்டுனது யாரு?"

"நான்."

"விதவிதமா குரல் குடுத்தது?"

"நான்."

"பை தைச்சது? டப்பா திறக்கச் சொல்லித் தந்தது? டாட்டா காட்டப் பழக்குனது?"

"எல்லாம் நான்தான்."

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. நர்சரிக்குப் போற எந்தக் குழந்தைக்கும் இவ்வளவு தயாரிப்பு இருக்காது."

பேச்சு மாறக் கூடாது என்று சொல்லியிருந்தேனே. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னறைக்குப் போய் மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே கிரேயான் துண்டுகளும் ஒரு செருப்பும் கிடந்தன. அந்தச் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். மனைவி வந்து தோளில் கை வைத்தாள்.

"மூணு மணி நேரம்தாங்க."

"படிப்பு கெட்டுப் போயிடுமேன்னுதான் பாக்குறேன்" என்றேன்.

"தெரியும், படிப்புக்காகத்தான்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை மூவரும் நடந்தே போனோம். நர்சரி வாசலில் ஏகப்பட்ட குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. வாலு அவர்களை வேடிக்கை பார்த்தாள். நான் அவள் விரலை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"அப்பா, கையை விடு. பெல் அடிச்சிட்டாங்க."

விட்டேன். ஒரு தடவை கையை ஆட்டினாள். சிவப்புப் பை உள்ளே போயிற்று. திரும்பிப் பார்க்கும் என்று கேட்டில் தொங்கிக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. சத்தம் வேறு வந்துவிட்டது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பொடியன் தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

டீச்சர் வெளியே வந்தார். அழுகிற குழந்தைகளை எல்லாம் தாண்டி நேராக என் பக்கத்தில் வந்து, முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மனைவியிடம் கேட்டார்:

"போன மாசம் அட்மிஷன் போட வந்தப்பவே சொன்னீங்களே, எங்க வீட்டுல ஒருத்தர் ரொம்ப அழுவாங்கன்னு. இவர்தானா?"

"ஆமா டீச்சர்" என்றாள் மனைவி. "முதல் நாள்தானே, போகப் போகப் பழகிடுவாரு."